கொக்கென்று நினைத்தீர்களோ? படக் காப்பகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

படக் காப்பகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

என் அப்பா கொக்கு வளர்க்கவில்லை. அவர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இதை மட்டும் சொல்வதற்காக எட்டு மாதத்தில் உங்களுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது, "உங்கள் கருத்துக்கு நன்றி, சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்" என்று. அந்தப் பிரிவு எந்த மாடியில் இருக்கிறதோ தெரியவில்லை. அதனால் இந்த முறை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

அம்மா போன பிறகு அலமாரியை ஒழித்தபோது பழைய பிஸ்கட் டின் ஒன்றில் அப்பாவின் படங்கள் 23 கிடைத்தன. நம் ஊர் ஈரக்காற்றுக்கு வீட்டில் வைத்திருந்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்று பயந்துதான் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கும்போது நன்றாகத்தான் நடந்துகொண்டீர்கள். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாக எடுத்து வைத்த அந்தப் பெண்ணிடம் பின்பக்கத்தில் அப்பா எழுதியிருந்ததையெல்லாம் நான் படித்துக் காட்டினேன், அவரும் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு படத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் தண்டவாளத்தின்மேல் நிற்கிற கிரேனின் இரண்டு இரும்புக் கால்கள், மேலே படத்துக்கு வெளியே நீண்டு போகிற அதன் கை, அங்கிருந்து இறங்கிய கம்பி வடத்தின் நுனியில் ஒரு பெரிய கொக்கி. அந்தக் கொக்கியில் அப்பா ஒரு கையை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி விறைப்பாக நிற்கிறார். படத்தின் பின்பக்கம் நீல மையில் அவரே எழுதியது: "கிழக்கு வார்ஃப், 1961. கிரேன் நம்பர் 7. நான், காசிம், மாரிமுத்து, ஆ லெக்." இவ்வளவுதான். ஆள், இடம், வருடம், இயந்திரம் எல்லாமே இருக்கிறது. ஒரு படத்துக்கு விளக்கம் எப்படி எழுத வேண்டும் என்று பாடம் எடுத்த மாதிரி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உங்கள் இணையப் பக்கத்தில் அதே படத்தின் கீழே தமிழில் இருப்பது: "கொக்குடன் தொழிலாளர்கள், 1960கள்."

ஆங்கிலத்தில் 'கிரேன்' என்றால் பாரம் தூக்கும் இயந்திரமும் உண்டு, ஒரு பறவையும் உண்டு, நீங்கள் பறவையைப் பிடித்துக்கொண்டீர்கள். முதலில் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் என் பேரனின் தமிழ்க் கட்டுரை வீட்டுக்கு வந்தது. தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். 'என் குடும்பம்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். பையன் நான் சொல்வதைக் கேட்காமல் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்து, "என் கொள்ளுத்தாத்தா துறைமுகத்தில் கொக்கு வளர்த்தார்" என்று எழுதியிருக்கிறான், ஆசிரியரும் பக்கத்தில் சரி போட்டிருக்கிறார். "இல்லடா கண்ணு, அது கிரேன்" என்றேன். "பாட்டி, வெப்சைட்ல அப்படித்தானே போட்டிருக்கு" என்றான். நான் பெற்ற மகளின் மகன், என் அப்பாவைப் பற்றி நான் சொல்வதைவிட உங்கள் பக்கம் சொல்வதைத்தான் நம்புகிறான். காப்பகம் என்றால் அப்படித்தான் நம்புவார்கள், நம்பவும் வேண்டும். அதனால்தான் இதைச் சின்ன எழுத்துப்பிழை என்று விட்டுவிட முடியவில்லை.

சரி, ஒரு படம்தானே தப்பாகிப் போயிற்று என்று நினைத்து உங்கள் தேடல் பெட்டியில் 'கொக்கு' என்று தட்டிப் பார்த்தேன். வந்து விழுந்தவை இவை. அப்பாவின் படமும் இன்னும் பல துறைமுகப் படங்களும். ஜூ சியாட் பக்கம் இருக்கிற கிரேன் ரோட்டின் கடைவீடுகள், கீழே "கொக்குச் சாலை". கோட்டும் மீசையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரர், "திரு. கொக்கு" என்கிறது உங்கள் பக்கம். (பாவம், அவர் வீட்டார் யாராவது தமிழ் படித்தவர்களாக இருந்தால் என்ன நினைப்பார்கள்.) சீனப் பேரரசு காலத்து அதிகாரி ஒருவரின் மேலங்கி, அதன் மார்புச் சதுரத்தில் பறவை தைத்திருக்கிறது, சிங் வம்சத்தில் முதல்நிலைக் குடிமை அதிகாரிக்கு இந்தப் பறவைதான் அடையாளம், ஆக இங்கே மட்டும் உங்கள் பக்கம் தப்பித்தது. கடைசியில், கால்வாய் ஓரம் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரே ஒரு நிஜப் பறவை.

அதுவும் பாதி சரி. ஆங்கிலத்தில் கிரேன் என்கிற பறவை வேறு, ஹெரன் வேறு, எக்ரெட் வேறு. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றோரம் காலையில் நான் நடக்கும்போது பார்ப்பது ஹெரனும் எக்ரெட்டும்தான். நாம் அவற்றை நாரை என்றும் கொக்கு என்றும் ஊர் வழக்கப்படி சொல்லிக்கொள்கிறோம். கிரேன் என்றால் கொக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவது பறவை விஷயத்திலேயே யோசிக்க வேண்டியது, இதில் இரும்பு இயந்திரத்துக்கும் மனிதருக்கும் தெருவுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள்.

மற்ற பறவைகளையும் தேடிப் பார்த்தேன், விடுவேனா. தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 1932இல் திறந்தது, அதைக் கட்ட வரைபடம் போட்டுக் கொடுத்தது ஸ்வான் அண்ட் மெக்லாரன் என்ற கட்டடக்கலை நிறுவனம், ராஃபிள்ஸ் ஹோட்டலின் பிரதானக் கட்டடத்தையும் அவர்கள்தான் வடிவமைத்தார்கள். உங்கள் பக்கத்தில் "அன்னம் மற்றும் மெக்லாரன்". பாலைத் தனியே தண்ணீரைத் தனியே பிரிக்கும் அன்னத்துக்கே இந்த கதி. அடுத்ததாக 'கைட்', ஆங்கிலத்தில் பருந்துக்கும் காற்றாடிக்கும் அதே சொல்தான். கம்பத்துப் பையன்கள் காற்றாடி விடும் படத்துக்குப் "பருந்துடன் சிறுவர்கள்", செம்பருந்து படத்துக்குப் "பிராமணப் பட்டம்". இரண்டும் நேர்மாறாக மாறிக் கிடக்கின்றன, யாராவது ஒருவர் படத்தை ஒரு நொடி பார்த்திருந்தால் போதும். இதில் ஒரு வேடிக்கை, மலாயில் 'லாயாங் லாயாங்' என்றால் காற்றாடியும் உண்டு, தகைவிலான் குருவியும் உண்டு. ஒரே பொருளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பறவை, மலாயில் வேறொரு பறவை, தமிழில் பறவையே இல்லை. நாலு மொழி பேசுகிற நாட்டில் படத்துக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டாமா?

இயந்திரத்துக்குப் பறவையின் பெயர் எப்படி வந்தது என்பது ஊரறிந்த கதைதான். நீண்ட கழுத்து, குனிந்து கொத்தி நிமிர்வது, அதைப் பார்த்துப் பழைய கிரேக்கர்களே இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தார்கள், ஆங்கிலமும் பிரெஞ்சும் அதே வழியில் போயின. தமிழ் அந்த வழியில் போகவில்லை. இயந்திரம் என்ன வேலை செய்கிறதோ அதை வைத்துப் 'பாரந்தூக்கி' என்றோம், செய்தித்தாளில் இன்றைக்கும் அப்படித்தான் போடுகிறார்கள், வார்ஃபில், அதாவது கப்பல் வந்து அணையும் மேடையில், வேலை செய்தவர்கள் சுருக்கமாகக் 'கிரேன்' என்றார்கள். இரண்டில் எதைப் போட்டிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அந்தப் படத்தில் கொக்கு இல்லை ஐயா, கொக்கிதான் இருக்கிறது. ஒரு எழுத்து மாறியிருந்தாலாவது பிழை என்று மன்னித்திருக்கலாம்.

இது உங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்றும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2013இல் மரபுடைமை பற்றிய ஓர் இணையத்தளம் பிராஸ் பசா என்ற இடப்பெயரை இயந்திர மொழிபெயர்ப்பில் விட்டு, அது சீனத்தில் பெண்களின் உள்ளாடையாகி, நாடே சிரித்தது. லாவ் பா சாட்டுக்கு வழிகாட்டும் பலகை ஒன்றில் 'சாட்' என்பதைச் சனிக்கிழமை என்று எடுத்துக்கொண்டு தமிழில் 'சனி' என்று போட்டார்கள். பழைய சந்தை என்று பொருள்படும் ஹொக்கியன் பெயர் அது, அதற்குச் சனி பிடித்ததுதான் மிச்சம். 2014இல் தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைக்கப்பட்டதும் இந்த மாதிரிக் கூத்துகளெல்லாம் நிற்கட்டும் என்றுதான். இத்தனைக்கும் பிறகு, பல்லாயிரம் படங்களுக்கு ஒரே இரவில் தமிழ் விளக்கம் வரவழைத்து, தமிழ் தெரிந்த ஒரு ஆள்கூடப் பார்க்காமல் ஏற்றினால், அதை அறியாப் பிழை என்று எப்படி எடுத்துக்கொள்வது?

உங்களில் சிலர் நினைக்கலாம், தமிழே இல்லாமல் இருப்பதற்கு ஏதோ ஒன்று இருப்பது மேல்தானே என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ் இல்லாத பக்கத்தில் நான் ஆங்கிலத்தைப் படித்து விஷயத்தைப் புரிந்துகொண்டிருப்பேன். இப்போது நடப்பதைப் பாருங்கள்: 'கிரேன்' என்று தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லை. 'பாரந்தூக்கி' என்றால் ஒன்றும் வருவதில்லை. 'வார்ஃப்', 'கிழக்கு வார்ஃப்', எதற்கும் இல்லை. அந்தக் காலத்தில் துறைமுகத்தை நடத்திய ஹார்பர் போர்டில் வேலை பார்த்த தன் தாத்தாவைத் தேடி ஒரு தமிழ்ப் பிள்ளை வந்தால், அது கொக்கு என்று தேடத் தெரிந்த பிள்ளையாக இருந்தால்தான் அவர் கிடைப்பார். நான் 'அங்கே தாத்தா படம் இருக்கிறது' என்று சொல்லி அனுப்பிய என் தம்பி மகளுக்கே கிடைக்கவில்லை, நான்தான் கடைசியில் வெட்கத்தோடு "கொக்குன்னு போட்டுத் தேடு" என்று சொல்ல வேண்டி வந்தது.

எனக்கு மனம் ஆறாத இடம் இன்னொன்று. அப்பா எழுதியதைக் காணோம். பின்பக்கத்தைப் படம் எடுத்தீர்களா என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. கிரேன் என்று அவர் தன் கையால் தமிழில் எழுதியிருந்தார். கலைச்சொல் அகராதியைத் தேட வேண்டியதில்லை, குழு போட வேண்டியதில்லை, மொழிபெயர்க்கவே தேவையில்லை, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து அப்படியே எடுத்து எழுதினால் போதும். அதை விட்டுவிட்டு, அவர் தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் சுருக்கி, அந்த ஆங்கிலத்தை மறுபடி இயந்திரத்தில் போட்டுத் தமிழாக்கியிருக்கிறீர்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டதில் மூக்கே காணாமல் போய்விட்டது. காசிம் மாமாவின் பெயரும் மாரிமுத்து அண்ணனின் பெயரும் ஆ லெக்கின் பெயரும் அதோடு போயின, நாலு பேரும் வெறும் 'தொழிலாளர்கள்' ஆகிவிட்டார்கள்.

அந்த வேலை என்ன வேலை என்று கொஞ்சம் சொல்கிறேன், இதை உங்கள் பக்கத்தில் எங்கும் பார்க்கவில்லை. அப்பா 1954இல் ஹார்பர் போர்டில் சேர்ந்தார், 1964 ஏப்ரலில் அது துறைமுக ஆணையமாக மாறியபோதும் அதே வார்ஃப், அதே கூண்டுதான். கிரேன்காரர் மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பார், கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியாது. விளிம்பில் ஒருவர் நின்று கையால் சைகை காட்டுவார், அந்தக் கையை நம்பித்தான் அரிசி மூட்டையும் ரப்பர்க் கட்டும் கீழே நிற்கிற ஆட்களின் தலைக்கு மேலே போய்வரும். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்ன வட்டம் போட்டால் தூக்கு. விரலைக் கீழே காட்டி வட்டம் போட்டால் இறக்கு. கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க முன்னும் பின்னும் ஆட்டினால் நிறுத்து. 7ஆம் நம்பருக்குச் சைகை காட்டியவர் காசிம் மாமா. அவரும் அப்பாவும் வார்ஃபில் பேசிக்கொண்டதைவிடச் சைகை காட்டிக்கொண்டதுதான் அதிகம் என்று அம்மா சொல்வார். வயதான பிறகு அப்பாவுக்குக் காது மந்தமாகி, நாங்கள் மூன்றாவது மாடியிலிருந்து காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் அவரைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கு விரலை மேலே நீட்டி வட்டம் போடுவோம், அவர் சிரித்துக்கொண்டே எழுந்து வருவார். நான்கு ஆண்டுகள் முன்புவரை என் தம்பியும் நானும் அதே சைகையில்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

1972 ஜூன் 23, தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் 'நிஹோன்' 300 பெட்டிகளோடு வந்த நாள். அப்பா வேலை முடிந்து நின்று பார்த்துவிட்டு வந்து, "இனி மூட்டைக்கு வேலை இல்லை" என்று மட்டும் சொன்னாராம். அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று. 2024இல் சிங்கப்பூர் கையாண்டது 4 கோடியே 11 லட்சம் கொள்கலன் அலகுகள். இப்போது துவாஸ் துறைமுகத்தில் பெட்டிகளை அடுக்கும் தளத்துக் கிரேன்களைத் தூரத்து அறையில் திரைமுன் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார்கள், கூண்டில் ஆளே இல்லை. நல்லதுதான், கீழே நின்று கை கால் இழந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஆள் இருந்த காலத்துக்குச் சாட்சியாக மிஞ்சியிருப்பவை இந்தப் படங்கள்தான், அவற்றையும் பறவைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

கொங்கணவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேலே பறந்த கொக்கு எச்சமிட, அவர் முறைத்த முறைப்பில் அது எரிந்து விழுந்ததாம். அதே முறைப்பை வாசுகியம்மாளிடம் காட்டியபோது, "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா" என்று அவர் கேட்டுவிட்டார். எட்டு மாதமாக எனக்கு வாயில் வருவதும் அதுதான். எங்களையும் கொக்கென்று நினைத்தீர்களோ?

இப்போது எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் படத்தின் கீழே அவர் எழுதிய வரியை அவர் எழுதியபடியே போடுங்கள், பின்பக்கத்தையும் படமெடுத்துப் பக்கத்திலேயே வையுங்கள். இது என் வீட்டுப் படத்துக்கு மட்டும் இல்லை, யார் கொடுத்த படத்தின் பின்னால் தமிழிலோ சீனத்திலோ மலாயிலோ கையெழுத்து இருக்கிறதோ அதுதான் முதல் விளக்கம், உங்கள் விளக்கம் அதற்கு அடுத்ததாக வரட்டும்.

படங்களைப் பெயரால் மட்டும் அடுக்காதீர்கள். ஒவ்வொரு படத்திலும் இருப்பது பறவையா, இயந்திரமா, ஆளா, தெருவா, நிறுவனமா என்று முதலில் குறியுங்கள், அப்புறம் மொழிபெயர்ப்புக்கு அனுப்புங்கள். ஆள் பெயரும் தெருப் பெயரும் நிறுவனப் பெயரும் எந்த மொழியிலும் மொழிபெயர்க்கப்படக் கூடாது, ஒலியை அப்படியே எழுதினால் போதும்.

தமிழ் தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்துச் சரி சொல்லும்வரை இப்போது ஏற்றியிருக்கிற தமிழ் விளக்கங்களை எடுத்துவிடுங்கள். இடம் காலியாக இருக்கட்டும், பரவாயில்லை. சரி பார்த்ததும் தேதியோடு குறிப்பு போடுங்கள்.

துறைமுகப் படங்களுக்கு ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். வார்ஃபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் என் புளோக்கிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள், எல்லாருக்கும் எண்பதுக்கு மேல். எது டெரிக், எது விஞ்ச், எது கிரேன், எந்த வார்ஃப் என்று படத்தைக் காட்டினால் சொல்லிவிடுவார்கள். இரண்டு பேருக்குப் படியேற முடியாது, அதனால் மின்தூக்கி இருக்கிற இடமாகப் பார்த்து ஒரு மேசையும் நாற்காலிகளும் போட்டு, படங்களைப் பெரிதாக அச்செடுத்து வையுங்கள், நான் அழைத்து வருகிறேன். காப்பி நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

இதையெல்லாம் வரும் ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்குள் முடித்துத் தர முடியுமா, முடியாதா என்று பெயர் போட்டு ஒருவர் பதில் எழுதுங்கள். 'சம்பந்தப்பட்ட பிரிவு' என்று கையெழுத்திட்ட பதில் வேண்டாம். முடியாது என்றால் 23 படங்களையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கொடுக்கும்போது நான் கையெழுத்துப் போட்ட படிவத்தில் அதற்கு வழி இருக்கிறது, படித்துப் பார்த்துவிட்டேன். பிஸ்கட் டின்னை இன்னும் தூக்கிப் போடவில்லை.

7ஆம் நம்பர் கிரேன்காரரின் மகள்,
தோ பாயோ